கடைசி மூன்று இன்னிங்ஸ்

அக்காவின் டீம் மோசமாகத் தோற்ற அந்த வருஷத்தை நான் பெரும்பாலும் ஒரு பஸ்ஸுக்குள் இருந்துதான் பார்த்தேன். அஜ்மானில் வீடு, ஜெபல் அலியில் வேலை. கம்பனி பஸ் காலை ஐந்தேகாலுக்கு எங்கள் கட்டடத்துக்கு எதிரே உள்ள பேக்கரி வாசலில் வந்து நிற்கும். ஏறி, எனக்கென்றே ஆகிவிட்ட நான்காவது வரிசை ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஃபோனைத் திறப்பேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது முந்தின நாள் இரவு ஒன்பதேகால். பேஸ்பால் ஆட்டம் ஏழாவது இன்னிங்ஸில் இருக்கும். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஆகவே வாரநாட்களில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கடைசி மூன்றுதான். யார் எப்போது ஓட்டம் எடுத்தார்கள், யார் எங்கே சொதப்பினார்கள் என்று எதுவும் தெரியாது. திரையின் மூலையில் இரண்டு எண்கள் இருக்கும். நான் ஏறும்போதே பாதி நாட்களில் எங்கள் எண் சின்னதாக இருக்கும். ஷார்ஜாவைக் கடந்து துபாய் நெரிசலுக்குள் நுழைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

டீமின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அந்தப் பையன்களை இதற்கு மேலும் யாரும் ஏச வேண்டியதில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது யாழ்ப்பாணத்தை விட்டு அமெரிக்காவுக்குப் போனாள். அதற்குப் பிறகு நான் அவளை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, என் கல்யாணத்துக்காகக் கொழும்புக்கு வந்த பத்து நாட்கள். மற்றதெல்லாம் தொலைபேசிதான். அம்மா உயிரோடு இருந்தவரை எங்களுக்குக் கதைக்க அம்மா இருந்தார். அம்மாவின் சீனி வருத்தம், அம்மாவின் கால் வீக்கம், சமைக்க வரும் பெண் சொல்லாமல் நின்றுவிட்ட நாட்கள். அக்கா அங்கிருந்து ஒன்று சொல்வாள், நான் இங்கிருந்து ஒன்று சொல்வேன், அம்மா இரண்டையும் கேட்கமாட்டார். அம்மா செத்தபோது நான் அஜ்மானிலிருந்து நான்கு நாள் லீவில் ஓடினேன். அக்காவால் வர முடியவில்லை. அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று மாலை அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போய், நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கூட்டி வர அக்காவை விட்டால் ஆளில்லை. அன்று முதல் அவள் அந்த ஊரை விட்டு ஒரு நாளும் நகர்ந்ததில்லை.

அம்மா போனபின் எங்களிடம் கதை தீர்ந்துபோனது. இங்கே வாட்ஸ்அப்பில் அழைக்க முடியாது, குரல் செய்திதான் போகும். "சாப்பிட்டியே?" என்று அக்காவின் குரல் வரும். "ஓம், நீங்கள்?" என்பேன். "இனித்தான்." அவ்வளவுதான். பல நாள் அது கூட இல்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டரை நிமிட நீளத்தில் ஒரு செய்தி வந்தது. அவ்வளவு நீளம் என்றால் ஏதோ கெட்ட செய்திதான் என்று பயந்து, சோற்றுக் கையோடு வெளியே போய்க் கேட்டேன்.

"நேற்று இஞ்ச சென்டர்ல என்ன நடந்தது தெரியுமே? டிவியில பேஸ்பால் போகுது. ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு பேர் அவுட், தோல்விதான் எண்டு நேர்ஸ்மாரும் திரும்பிட்டினம். ஒரு தாடிக்காரன் வந்து அடிச்சான் பார், பந்து வெளியில! பக்கத்துக் கட்டில்ல ஒரு கிழவர், ஊசி குத்தின கையோட எழும்பிட்டார். நேர்ஸ் கத்துறா, இருங்கோ இருங்கோ எண்டு. உன்ர அத்தானும் சிரிச்சவர். எத்தினை மாசத்துக்குப் பிறகு."

அக்காவின் குரல் அப்படி ஏறி இறங்கி நான் கேட்டதே இல்லை. அங்கே அப்போது விடியற்காலை. பின்னால் கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அது என்ன விளையாட்டு? எங்கட எல்லே மாதிரித்தானே?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லே விளையாடுவோம். கொட்டான் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும்.

"எல்லேதான். ஆனா நூற்று அறுபத்திரண்டு மேட்ச், ஒவ்வொரு வருஷமும். ஒரு நாள் தோத்தா அழ நேரமில்லை, அடுத்த நாள் மேட்ச் இருக்கும். எனக்கு அதுதான் பிடிச்சுப் போச்சு."

அக்காவோடு கதைக்க ஏதாவது வேண்டும் என்றுதான் நான் பார்க்கத் தொடங்கினேன். ஆட்டங்களைப் பார்க்கிற இணையக் கணக்கு ஒன்றை அக்கா வாங்கி, அதன் கடவுச்சொல்லை எனக்கும் தந்தாள். முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. பந்தை எறிபவரைப் பிட்சர் என்பார்கள், அவர் நல்லவராக இருந்தால் ஆட்டத்தில் எதுவுமே நடக்காது, அதுதான் அழகு என்று அக்கா விளக்கினாள். எதுவும் நடக்காததைப் பார்த்து ரசிக்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. பிறகு பிடித்துக்கொண்டது. வீரர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அன்று அடித்தவன் தாடிக்காரன். பிட்சர்களில் உயரமானவன் நெட்டையன். அந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டத்தால் எங்கள் டீம் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பை இழந்தது. கடைசி நாள் நான் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த, எங்கள் கம்பனி கிளினிக்கில் வேலை செய்யும் மலையாளி நர்ஸ் என் குடும்பத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

அடுத்த வருஷம்தான் நான் சொல்ல வந்த வருஷம்.

தொடங்கும்போது எல்லோரும் எங்கள் டீமைத்தான் சொன்னார்கள். புதிதாக இரண்டு பெரிய ஆட்களை வாங்கியிருந்தார்கள். ஏப்ரலில் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது வென்றார்கள். எங்கள் பஸ் டிரைவர் பெஷாவர்க்காரர், அறுபது வயதிருக்கும். கிரிக்கெட் தவிர வேறொன்றும் அறியாதவர். நான் இறங்கும்போது என் முகத்தைப் பார்த்து, "மேடம், ஜீத்தா?" என்று கேட்பார். வென்றீர்களா என்று அர்த்தம். "ஜீத்தா, பாய்" என்பேன். அவர் ஸ்டீயரிங்கில் ஒரு தட்டுத் தட்டுவார்.

அந்த ஏப்ரலில்தான் அக்கா சொன்னாள்: "செப்டெம்பர்ல வாவன். ரெண்டு கிழமை. உனக்கும் எனக்கும் ஒரு மேட்ச்சுக்கு டிக்கெட் எடுக்கிறன். அத்தானுக்கு டயாலிசிஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாப் பாத்து."

நான் என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை. "போட்டு வாருமன். பிள்ளையை நான் பாக்கிறன்" என்றார் உடனே. அன்றிரவே அக்கா டிக்கெட்டின் படத்தை அனுப்பினாள். மேல்தட்டு, அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள். நான் அதை ஃபோனின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டேன்.

மே மாதம் இரண்டாவது கிழமை, செவ்வாய்க்கிழமை. நான் பஸ்ஸில் ஏறித் திறந்தபோது மூன்று ஓட்டங்களால் முன்னுக்கு நின்றோம். நெட்டையன் எறிந்துகொண்டிருந்தான். ஒரு பந்தை எறிந்தவன் அப்படியே நின்று தன் முழங்கையைப் பார்த்தான். விழவில்லை, கத்தவில்லை. எறிந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, ஏதோ மறந்துவிட்டது போல நடந்து வெளியே போனான். அவனுக்குப் பின் வந்தவர்கள் அந்த மூன்று ஓட்டங்களையும் கொடுத்து, மேலும் இரண்டையும் கொடுத்தார்கள். மத்தியானம் அக்காவின் செய்தி வந்தது.

"சத்திர சிகிச்சையாம். இந்த வருஷம் முழுக்க இல்லையாம்."

"மற்றவை இருக்கினம்தானே அக்கா."

"இருக்கினம்" என்றாள். அந்தச் சொல்லை அத்தானின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பற்றிச் சொல்லும்போது அவள் பயன்படுத்தும் அதே தொனியில் சொன்னாள்.

அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. ஜூனில் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்கள் தோற்றோம். அதில் எந்த இரண்டும் ஒரே மாதிரியான தோல்வி இல்லை. ஒரு நாள் காலுக்கிடையில் பந்தை விட்டார்கள். ஒரு நாள் பிடிக்க ஓடிய இருவர் மோதி விழ, பந்து அவர்களுக்கு நடுவில் கிடந்தது. இன்னொரு நாள் எதிரி ஒருவர்கூட ஒழுங்காக அடிக்கவில்லை. கட்டத்துக்கு வெளியே நாலு பந்து எறிந்தால் அடிக்க வந்தவர் சும்மா நடந்தே போகலாம்; எங்கள் பிட்சர் வெளியே வெளியே எறிந்து அவர்களை நடத்தியே வெல்லவைத்தான். ஜூன் மாதம் என்பதால் பஸ் ஜன்னல்கள் வெளிப்புறமாக வியர்த்து ஒழுகிக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. திரையைத் தவிரப் பார்ப்பதற்கு எனக்கு வேறு எதுவும் இல்லை.

நடுவில் ஒரு கிழமை டீம் மேற்குக் கரைக்குப் போனது. அங்கே ஆட்டம் மூன்று மணி நேரம் பிந்தித் தொடங்கும். அந்தக் கிழமை மட்டும் எனக்குக் கடைசி இன்னிங்ஸுக்குப் பதிலாக முதல் இரண்டு இன்னிங்ஸ் கிடைத்தன. பூச்சியத்துக்குப் பூச்சியம். எல்லோர் உடுப்பும் சுத்தமாக இருந்தது. தாடிக்காரன் சூரியகாந்தி விதைகளை மென்றுகொண்டு சிரித்தான். அந்த ஐந்து காலைகளும் நான் சந்தோஷமாக வேலைக்குப் போனேன். ஒன்பதரைக்குத் தேநீர் அறைக்குள் போய் முடிவைப் பார்ப்பேன். ஐந்தும் தோல்வி.

"ஆஜ் பீ ஹாரா?" என்று டிரைவர் கேட்கத் தொடங்கியிருந்தார். இன்றைக்கும் தோல்வியா. பிறகு ஒரு நாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டார். நான் இறங்கும்போது கண்ணாடியைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கேட்டபோது இருந்த எரிச்சலைவிட அது பெரிதாக இருந்தது.

வீட்டிலும் நான் நன்றாக இருக்கவில்லை. மகள் ஐந்தாம் வகுப்பு. நான் கதவைத் திறந்ததும், "தே லாஸ்ட் அகெய்ன், அம்மா?" என்பாள். ஒரு நாள் அவளுக்கு அடித்துவிட்டேன். கையில்தான், மெதுவாகத்தான். ஆனால் அடித்தது அடித்ததுதான். அடுத்த நாள் சாப்பிடும்போது என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவை அங்க தோக்கிறதுக்கு நாங்கள் இஞ்ச ஏன் உப்பில்லாத கறி சாப்பிடவேணும்?" என்றார். சுவைத்துப் பார்த்தேன். உண்மையாகவே உப்புப் போட மறந்திருந்தேன்.

"ஏனம்மா விடாமப் பாக்கிறீர்? விடுமன்."

"விட்டா அக்காவோட என்ன கதைக்கிறது?"

அவர் உப்புப் போத்தலை எடுத்துத் தன் கறியில் போட்டுக்கொண்டார்.

ஜூலை கடைசியில், டீம்கள் ஆட்களை விற்கவும் மாற்றவும் கடைசி நாள் ஒன்று உண்டு. இனி இந்த வருஷம் உருப்படாது என்று முடிவு கட்டிய டீம்கள் அன்று நல்ல ஆட்களை விற்றுவிடும். எங்கள் டீம் தாடிக்காரனை விற்றது. ஆட்டத்தின் நடுவில், ஐந்தாவது இன்னிங்ஸில் அவனை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்களாம். நான் ஏறியபோது அவன் இடத்தில் இன்னொருவன் நின்றான். கமரா உள்ளே காட்டியது. தாடிக்காரன் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற ஆளைக்கூட விடவில்லை. எங்கள் கம்பனியிலும் அப்படி நடந்திருக்கிறது. காலை வந்து கணினியைத் திறந்தவர்களை மனிதவளப் பிரிவுக்கு வரச்சொல்லிவிட்டு, மத்தியானம் மேசை காலியாக இருக்கும். ஆனால் எங்களை யாரும் கமராவில் காட்டியதில்லை.

அக்கா அன்று எழுத்தில்தான் செய்தி அனுப்பினாள். "சென்டர்ல கிழவர் டிவியை நிப்பாட்டச் சொல்லிட்டார்."

ஆகஸ்டில் எனக்கு அமெரிக்க விசா நேர்காணல். என் கணவர் லீவு போட்டு என்னைக் கூட்டிப்போனார். சம்பளக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், மகளின் பள்ளிக்கூடக் கடிதம், லீவு முடிந்து நான் திரும்பி வேலைக்கு வருவேன் என்று கம்பனி கொடுத்த கடிதம், எல்லாம் ஒரு கோப்பில். ஆட்டத்தின் டிக்கெட்டையும் அச்செடுத்துக் கடைசியில் வைத்திருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் கல்யாணத்துக்கும் பட்டமளிப்புக்கும் போகிறவர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். என் கடவுச்சீட்டைப் புரட்டியபடி, எதற்குப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்காவைப் பார்க்க, அவரோடு ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்க்க என்றேன்.

முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எந்த டீம் என்றார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "இந்த வருஷமா? ஏன்?"

நானும் சிரித்தேன். டிக்கெட் ஏப்ரலில் வாங்கியது என்றேன். அப்போது நெட்டையனின் கை நன்றாக இருந்தது என்று சொல்லி, அவனுடைய உண்மையான பெயரையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தக் கணத்தில் எனக்கு விசா கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். ஜெபல் அலி, அஜ்மான், கொழும்பு எல்லாம் போய், நாங்கள் இரண்டு பேரும் ஒரே டீமுக்காக நொந்தவர்கள் என்று ஆகிவிட்டது போல இருந்தது.

பிறகு அவர் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார். அக்கா எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், எப்படிப் போனார். இலங்கையில் உங்கள் பெயரில் வீடு காணி உண்டா. இல்லை. கணவரும் மகளும் வருகிறார்களா. இல்லை, நான் மட்டும். அமீரகத்தில் உங்கள் விசா வேலையோடு சேர்ந்ததுதானே, வேலை போனால் அதுவும் போகும் அல்லவா. ஆம்.

கோப்பைத் திறக்கவே சொல்லவில்லை. கடவுச்சீட்டோடு ஒரு தாளைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். இந்த முறை தர முடியவில்லை என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. எனக்குப் பின்னால் நின்றவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

வெளியே காரில் என் கணவர் ஏசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தார். நான் அங்கேயே, காரில் இருந்தபடியே அக்காவுக்குச் செய்தி போட்டேன். அங்கே அதிகாலை. இருந்தும் உடனே பதில் வந்தது. அவள் ஃபோனைத் தலைமாட்டில் வைத்துக் காத்திருந்திருக்க வேண்டும்.

"சரி விடடி. அடுத்த வருஷம் திருப்பிப் போடுவம்."

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இன்றைக்கும் முழுதாகத் தெரியவில்லை. "அடுத்த வருஷம் ஆரைப் பாக்க?" என்று குரலில் அனுப்பினேன். "நெட்டையனும் இல்லை, தாடிக்காரனும் இல்லை. உந்தத் தோத்துப்போன கூட்டத்தைப் பாக்கவோ நான் இவ்வளவு அலையிறன்?"

"நான் இருக்கிறன்தானே பாக்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

"நீங்கள் அம்மான்ர செத்தவீட்டுக்கு வரேல்லை. நான் உங்கட மேட்ச்சுக்கு வரேல்லை. சரியாப் போச்சு."

அனுப்பியவுடனே அழிக்கப் போனேன். பக்கத்தில் இருந்த ஒலிவாங்கிப் படம் அதற்குள் நீலமாக மாறிவிட்டது. கேட்டுவிட்டாள். என் கணவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன கதையப்பா இது?" என்று மட்டும் சொன்னார்.

பதினொரு நாட்கள் அக்கா ஒன்றும் அனுப்பவில்லை. நானும் அனுப்பவில்லை. மன்னிப்புக் கேட்க மூன்று தடவை பதிவு செய்தேன். மூன்று தடவையும் என் குரலை நானே கேட்டுவிட்டு அழித்தேன். காலையில் பஸ்ஸில் ஆட்டத்தைத் திறப்பேன். அக்காவும் அங்கே வீட்டிலோ சென்டரிலோ இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். அந்தப் பதினொரு நாட்களில் பத்து ஆட்டங்கள், அதில் எட்டுத் தோல்வி. பன்னிரண்டாம் நாள் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது.

"4 - 11."

"பாத்தனான்" என்று எழுதினேன்.

அவ்வளவுதான். நான் சொன்னதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு பழையபடி ஆட்டத்தைப் பற்றிக் கதைத்தோம். ஆனால் அக்கா இப்போது முடிவை மட்டும்தான் சொல்வாள். யார் எப்படி அடித்தார்கள், கிழவர் என்ன செய்தார் என்பதெல்லாம் நின்றுவிட்டது. இரண்டரை நிமிடச் செய்தி ஒன்று அதற்குப் பிறகு வரவேயில்லை.

செப்டெம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. டிக்கெட் வைத்திருந்த நாள். அக்கா தனியாகப் போனாள். எனது இருக்கைக்கு யாரையும் கூட்டிப்போகவில்லை. கேட்டதற்கு, "பையை வைக்க இடம் வேணும்தானே" என்றாள். பகல் ஆட்டம் என்பதால் எங்களுக்கு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. நானும் மகளும் டிவியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். என் கணவர் கடலை வறுத்துக் கொண்டுவந்து வைத்தார். முதல் பந்திலிருந்து பார்க்கிறேன் என்று ஒரு குதூகலம் கூட எனக்கு இருந்தது. மைதானத்தில் ஆட்களே இல்லை. நீல இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. கமரா மேல்தட்டுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மகள் எழுந்து டிவிக்குக் கிட்டப் போவாள்.

"இஸ் தட் பெரியம்மா?"

"இல்லை. பெரியம்மா மஞ்சள் ஜாக்கெட் போடுவன் எண்டவ."

நாலாவது இன்னிங்ஸில் ஆறு ஓட்டங்களால் பின்னுக்கு நின்றோம். மகள் அப்படியே சோபாவில் நித்திரையாகிவிட்டாள். நான் தொடர்ந்து தேடிக்கொண்டிருந்தேன். எட்டாவது இன்னிங்ஸில், மேல்தட்டில் தனியாக ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. ஒரு வினாடிதான். கணவரைக் கூப்பிட்டுக் காட்டப் போனேன், கமரா நகர்ந்துவிட்டது. "அக்காவைக் கண்டனான்" என்றேன் அவரிடம். "உண்மையாவோ?" என்று அவரும் வந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் தோல்வியில் முடிந்தபின்தான் ஃபோனை எடுத்தேன். அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி. வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கார்க் கதவு சாத்துகிற சத்தத்தோடு தொடங்கியது.

"நான் வெளிக்கிட்டிட்டன். அத்தான் கோல் எடுத்தவர், மூச்சு வாங்குதாம். ஞாயிற்றுக்கிழமைகளில இப்பிடித்தான், உடம்பில தண்ணி கூடிப்போகும். நீ பார். பிறகு சொல்லு என்ன நடந்தது எண்டு."

ஐந்தாவது இன்னிங்ஸிலேயே போய்விட்டாள். நான் கண்ட மஞ்சள் வேறு யாரோ. என் கணவரிடம் அதைச் சொல்லவில்லை.

அத்தானை ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். மிச்ச ஆட்டங்களை அக்கா பார்க்கவில்லை. நான் தனியாகப் பார்த்தேன். இனி எந்த வெற்றியாலும் எதுவும் மாறாது என்று ஆகிவிட்ட பின்னும் கடைசி நாள் வரை பார்த்தேன். கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு ஒன்பதாவது இன்னிங்ஸில் பெயரே கேள்விப்படாத மூன்று பையன்கள் அடிக்க வந்தார்கள். மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராக ஆட்டமிழந்து, நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பஸ் அப்போது ஷார்ஜாவைக்கூடத் தாண்டவில்லை. மிச்ச வழி முழுக்க இயர்போனைக் கழற்றாமல், சத்தமே இல்லாமல் அப்படியே இருந்தேன்.

அத்தான் வீடு வந்ததும் அக்கா செய்தி போட்டாள். அவருக்கு இனி வாரத்துக்கு நாலு நாள் டயாலிசிஸ். அக்கா வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டாள். கடைசியில், "அந்த மேட்ச் பாக்கிற கணக்கை நிப்பாட்டிட்டன், குறை நினைக்காத. எனக்கு இனிப் பாக்கிற மனமில்லை" என்றாள்.

"பரவாயில்லை அக்கா" என்றேன். "எனக்கும் பாக்க நேரமில்லை."

"சாப்பிட்டியே?"

"ஓம். நீங்கள்?"

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, என் கணவர் சொன்னார்: "நீர் இன்னொருக்கா விசாவுக்குப் போட்டுப் பாருமன். மேட்ச் எண்டு சொல்லாம, அத்தானுக்குச் சுகமில்லை எண்டு போடும். அது உண்மைதானே."

கணினியைத் திறந்து விண்ணப்பத்தைத் தொடங்கினேன். பெயர், பிறந்த இடம், கடவுச்சீட்டு இலக்கம். அக்காவின் பெயர், முகவரி. சில பக்கங்கள் தள்ளி ஒரு கேள்வி வந்தது. உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டிருக்கிறதா? ஆம் என்று அழுத்தினேன். கீழே ஒரு பெட்டி விரிந்தது. காரணத்தை விளக்கவும்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. அந்த அதிகாரி தந்த தாளில் ஒரு சட்டப்பிரிவின் எண்தான் இருந்தது, காரணம் இல்லை. என்ன எழுதுவது? காணி இல்லை என்றா, தனியாகப் போகப் பார்த்தேன் என்றா? ஒரு வரி எழுதி அழித்தேன். இன்னொன்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது திரை வெள்ளையாக இருந்தது. நீண்ட நேரம் எதுவும் செய்யாததால் வெளியேற்றப்பட்டுவிட்டீர்கள், மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும் என்று எழுதியிருந்தது.

"முடிஞ்சுதோ?" என்று கணவர் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இல்லை. வெளியில தள்ளிப்போட்டுது."

"சரி, பிறகு பாப்பம்."

அவர் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. நானும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.